அயல்கூட்டத்துப் புலம்பலைக் கிராமசபைத் தீர்மானமாக்குவது எப்படி

குடும்பஸ்ரீ என்பது கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டம், அயல்கூட்டம் அதன் அக்கம்பக்கத்துக் குழு. பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்தக் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் முதலில் சேமிப்புப் பணம், லோன் தவணை. அது முடிந்து டீ வந்ததும் புலம்பல் ஆரம்பிக்கும். மினிட்ஸ் புத்தகத்தில் பணக் கணக்கு மட்டும் ஏறும், புலம்பல் காற்றோடு போகும். நான் எங்கள் வார்டில் ஏடிஎஸ் செக்ரட்டரி; ஏடிஎஸ் என்றால் வார்டிலுள்ள அயல்கூட்டங்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பு. எங்கள் காலனிக்குத் தண்ணி லாரி வரும் நேரத்தை மாற்ற வைத்தது அந்த டீ நேரப் பேச்சுதான். "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காதுங்க அம்மிணி" என்கிற அக்காமாருக்காக, எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதை செக்ரட்டரி முடிவு பண்ணக் கூடாது. வார்டு மெம்பரும் கூடாது. சத்தமாகப் பேசுகிற அக்காவுக்கும் அந்த உரிமை இல்லை. கை தூக்கச் சொன்னால் எல்லோரும் அந்த அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள். அதனால் புளியங்கொட்டை வைத்தோம். உள் அறையில் நாலு கிண்ணம். தண்ணி, தெருவிளக்கு, சாராயம், பஸ் என்று ஒவ்வொன்றிலும் படம் ஒட்டியிருந்தது, எழுத்து வராதவர்களுக்கும் புரியட்டும் என்று. ஆளுக்கு மூன்று கொட்டை. ஒருத்தர் ஒருத்தராக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போடலாம், பிரித்தும் போடலாம். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாத ஒரு பாட்டி மூன்றையும் தண்ணிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்ததாகப் பின்னால் சொன்னது. கொட்டையை எல்லோர் முன்னாலும் எண்ணி, எண்ணிக்கையை மினிட்ஸில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு "இது செக்ரட்டரியோட சொந்த ஆசை" என்று யாராவது கிளப்பினால் பதில் புத்தகத்தில் இருக்கும்.

தண்ணி என்று முடிவானதும் பேச்சு நேராக ஆழியாறுக்குப் போனது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு எங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கு மணக்கடவு தடுப்பணையில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். அது ரெண்டு மாநிலச் சமாச்சாரம். அதைத் தீர்மானம் போட்டு அனுப்பினால் ஒரு பைலுக்குள் போய்த் தூங்கும். இந்த இடத்தில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான் கேட்டது ரெண்டே கேள்வி. இதுக்குச் சரின்னு சொல்ல யாருக்கு அதிகாரம்? அந்த ஆள் இன்னைக்குச் சரின்னு சொன்னா அடுத்த வாரம் நம்ம வாசல்ல என்ன மாறும்? அப்போதுதான் ஒரு அக்கா சொன்னார்: "லாரி பதினோரு மணிக்கு வருதுங்க. அந்நேரம் வீட்டுல யாரு இருக்கறாங்க?"

பாதிப் பேர் தென்னந்தோப்பில், மீதிப் பேர் தொழிலுறப்பு என்கிற அரசு வேலை உறுதித் திட்டத்தில். அங்கே வருகைக்கு ஒரு நாளில் ரெண்டு தடவை போட்டோ எடுக்கிறார்கள். இடையில் தண்ணி பிடிக்க ஓடி, போட்டோவில் ஆள் இல்லையென்றால் கூலிக்கே வம்பு. அதனால் லாரிக்கு நிற்பது வயசான மாமியார், இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகாமல் நிறுத்திய பெண் பிள்ளை. கோரிக்கை சுருங்கியது: லாரி காலையில் ஏழு மணிக்குள் வர வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல். பஞ்சாயத்து மனசு வைத்தால் நடக்கிற காரியம்.

அடுத்தது கணக்கு. "எப்பவுமே லேட்டு" என்று சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். தொட்டிக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் கொடுத்தோம். அவர் கடையை விட்டு எங்கேயும் போவதில்லை. தேதி, லாரி வந்த நேரம், போன நேரம், குடம் பிடித்தவர்களில் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள் எத்தனை. இவ்வளவுதான், பத்து கலம் போட்டால் யாரும் எழுத மாட்டார்கள். நோட்டு ஓடும்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். லாரிக் குத்தகையில் என்ன நேரம் எழுதியிருக்கிறது, டிரிப் கணக்கு என்ன என்று கேட்டால் போதும். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பல பேர் தாண்டிப் போய்விடுகிற வேலை ஒன்று இருக்கிறது. லாரி டிரைவரிடம் பேசுங்கள். எங்கள் டிரைவர் தம்பி சொன்ன பிறகுதான் தெரிந்தது, காலை முதல் டிரிப் அடுத்த வார்டுக் காலனிக்குப் போகிறது என்று. நாங்கள் நேரத்தைப் பிடுங்கினால் அந்தப் பெண்களுக்குப் பதினோரு மணி. அவர்கள் எதிர்த்து நின்றால் பஞ்சாயத்துக்குக் கொண்டாட்டம், "நீங்களே பேசித் தீர்த்துட்டு வாங்க" என்று கையைக் கழுவிவிடும். அதனால் அவர்கள் அயல்கூட்டத்துக்கு நாங்களே போனோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. "உங்களுக்கு வேணும்னா எங்க வயித்துலயா அடிப்பீங்க?" என்றே கேட்டார்கள். நோட்டைக் காட்டினோம். ஒரு வாரம் அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம், அடுத்த வாரம் மாற்றி என்று பேசி முடிந்தது. கோரிக்கையில் அவர்கள் பெயரும் சேர்ந்ததும் பலம் ரெட்டிப்பு.

பிறகு ஏடிஎஸ்ஸில் வைத்து எல்லாக் கூட்டத்தின் சம்மதமும் வாங்கிக் கிராமசபைக்குப் போக வேண்டும். 1994-ஆம் வருஷத்துக் கேரள பஞ்சாயத்துராஜ் சட்டப்படி கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டிய ஆட்கள், வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம். 1,200 ஓட்டு என்றால் 120 பேர். அதே 10 சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டமும் போட வேண்டும். ஒரு அயல்கூட்டத்தில் 10 முதல் 20 பேர், வீட்டுக்கு ஒருத்தர். எட்டுக் கூட்டம் ஒன்றாக வந்தால் கோரமே நம் கையில். வந்தவர்கள் கடைசி வரை உட்கார வேண்டும், ஆனுகூல்ய (அரசு உதவி) பட்டியல் வாசித்ததும் எழுந்து போகிற பழக்கம் நம்மிடம்தான் இருக்கிறது.

அங்கே ஏடிஎஸ் செக்ரட்டரி பேசக் கூடாது. வேலையை விட்டுக் கூலி இழந்தவர், பேத்தியை லாரிக்கு நிறுத்தியவர், அடுத்த காலனியிலிருந்து ஒருத்தர், ஆளுக்கு ரெண்டு நிமிஷம். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டு போங்கள். மினிட்ஸில் ஏறியதும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.

மனு தமிழிலேயே எழுதலாம். சித்தூர் தாலுகா தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி. 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள அரசு ஆபீசுகளுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனாலும் நான் கூடவே ஒரு மலையாளப் பிரதி வைப்பேன். தமிழ் தெரியாத கிளார்க் மேஜையில் நம் மனு காத்துக் கிடப்பதில் எனக்கென்ன பெருமை? ரசீது வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

கட்சிக்காரர்கள் வருவார்கள். எங்கள் கூட்டத்திலேயே மூன்று கொடி இருக்கிறது. வரட்டும், உட்காரட்டும், கொடியை வெளியே வைத்துவிட்டு. பேனரில் குடும்பஸ்ரீ பெயரைத் தவிர எதுவும் வேண்டாம்.

நாள் இழுக்கும். சலித்துப் போனவர்களுக்கு நான் பிளாச்சிமடையைச் சொல்வேன், இங்கே பக்கத்து பெருமாட்டி பஞ்சாயத்துதானே. கிணற்றுத் தண்ணி கெட்டதென்று மயிலம்மாவும் அந்தக் காலனிப் பெண்களும் கோகோ கோலா கம்பெனி வாசலில் உட்கார்ந்தது 2002 ஏப்ரல் 22. கம்பெனி ஓட்டம் நின்றது 2004 மார்ச்சில். மயிலம்மா பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. நாம் கேட்பது லாரியின் நேரம்தான்.

நேரம் மாறியதும் பெட்டிக்கடை நோட்டை மூடிவிடாதீர்கள். டிரைவர் மாறினால், குத்தகை மாறினால், லாரி மெதுவாகப் பதினோரு மணிக்கே நழுவும். நழுவிய அன்றே தேதியும் நேரமும் போட்டு வார்டு மெம்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அடுத்த கிராமசபையில் முதல் ஆளாக எழுந்து, போன தடவைத் தீர்மானம் என்ன ஆச்சு என்று கேளுங்கள், அப்படிக் கேட்க சபைக்கு உரிமை உண்டு. அப்போது எழுந்து நிற்பது போன தடவை பேசாத ஒருத்தராக இருக்கட்டும்.