உங்கள் பகுதியின் அபிவிருத்தித் திட்டத்தை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி? மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு, படிப்படியாக

ஒரு நகர அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது நம் வீட்டைத்தான். எங்கள் ஒழுங்கை அகலமாகுமா, காணி போகுமா, பக்கத்தில் மாடி வருமா என்று பார்ப்போம். அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் திட்டம் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் நம் கால்வாயை, வெள்ளத்தை, மூச்சுக் காற்றை என்ன செய்யும் என்று யாராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கிற முறைக்குத்தான் மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு என்று பெயர். சுருக்கமாக எஸ்இஏ.

கொலன்னாவைப் பக்கத்தில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து உள்ளூர்த் திட்ட வரைவு ஒன்றுக்கு இதைச் செய்து முடித்தோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். எக்செல் ஓரளவு தெரியும், கணினியில் ஒரு மென்பொருளை நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஈஐஏ (சுற்றாடல் தாக்க மதிப்பீடு) இருக்கும்போது இது எதற்கு?

ஈஐஏ என்பது தனித்தனிக் கட்டுமான வேலைகளுக்கானது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. எந்தெந்த வேலைக்கு அது தேவை என்ற பட்டியல் 1993 வர்த்தமானியில் வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் கவனியுங்கள்: ஈரநிலத்தை நிரப்பினால், 4 ஹெக்டேயரைத் தாண்டும்போதுதான் அந்த வரி பொருந்தும். சரி, பத்துப் பேர் ஆளுக்கு 3 ஹெக்டேயர் நிரப்பினால்? மொத்தம் 30 ஹெக்டேயர் சதுப்பு போய்விடும். ஒவ்வொருவரும் வேறு அனுமதிகள் எடுத்திருக்கலாம், ஆனால் அந்த 30ஐ ஒன்றாகப் பார்த்தவர் எவரும் இருக்க மாட்டார். வெள்ளத்துக்கு அந்த 30தான் கணக்கு.

கொள்கையையும் திட்டத்தையும் வரைவு நிலையிலேயே பார்த்தால்தான் இந்தக் கூட்டுத்தொகை கண்ணில் படும். புதிய கொள்கைகள், திட்டங்கள், நிகழ்ச்சித்திட்டங்களுக்கு எஸ்இஏ செய்ய வேண்டும் என்று இலங்கை அமைச்சரவை 2006இல் முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே இதற்கென ஒரு பணிப்புரை கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் நடந்த பெரிய உதாரணம் வட மாகாணத்துக்குச் செய்த ஒருங்கிணைந்த மதிப்பீடு. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐநா அமைப்புகளின் உதவியோடு செய்து 2014இல் வெளியிட்டன. பல நிறுவனங்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே ஒன்றோடொன்று மோதுகிறது என்று பார்த்தார்கள். நாம் சிறிய அளவில் செய்யப்போவதும் அதைத்தான்.

படி 1: வரைவை வாங்குங்கள்

கேட்டால் தருவார்கள், சில வேளை தர மாட்டார்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ‘திட்டம் தொடர்பான எல்லாத் தகவலும்’ என்று கேட்காதீர்கள். வரைவு அறிக்கை, நிலப் பயன்பாட்டு வரைபடம், அதன் ஜிஐஎஸ் கோப்பு (கணினியில் அளக்கக்கூடிய வரைபடக் கோப்பு) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிடிஎஃப் படத்தை வைத்துக்கொண்டு பரப்பளவு அளக்க முடியாது.

படி 2: எல்லை குறியுங்கள்

திட்டத்தின் எல்லை வேறு, தாக்கத்தின் எல்லை வேறு. கொழும்புக் குப்பை நல்ல உதாரணம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு குப்பையை ரயிலில் ஏற்றிப் புத்தளம் அறுவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கொழும்பு வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. புத்தளத்துக்காரருக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே தண்ணீர் எங்கே போகிறது, குப்பை எங்கே போகிறது, வேலைக்கு வரும் சனம் எங்கிருந்து வருகிறது, இந்த மூன்றையும் கேட்டு எல்லையைப் போடுங்கள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை எல்லை என்பது நீரேந்துப் பரப்பு, அதாவது மழைநீர் ஒரே கால்வாய்க்கோ ஆற்றுக்கோ வடிந்து சேரும் நிலம். கொழும்பின் மழைநீர் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும், வடக்குப் பக்கம் களனி கங்கைக்கும் போகிறது. மாநகர சபை எல்லைக்கோடு அந்தத் தண்ணீருக்குத் தெரியாது.

எதை ஆராய்வது என்பதையும் இங்கேயே சுருக்குங்கள். எல்லாவற்றையும் ஆராய்ந்தால் எதுவும் முடியாது. உள்ளூர்த் திட்டத்துக்கு நான்கைந்து விடயம் போதும்.

படி 3: இன்றைய நிலையை வரையுங்கள்

நான் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், அதையே உங்களுக்கும் சொல்வேன். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் செய்தால் உங்கள் குழுவில் வேறு யாரும் கோப்பைத் திறந்து சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

பலர் நின்றுவிடும் இடம் இது. இரண்டு நிறுவனங்களின் கோப்புகளை ஒன்றாகத் திறந்தால் ஒன்று கொழும்பில் நிற்கும், மற்றது கடலுக்குள் கிடக்கும். காரணம், இலங்கையில் இரண்டு ஆள்கூற்று முறைகள் (ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறைகள்) புழக்கத்தில் இருக்கின்றன. பழையது கந்தவளை, மென்பொருள் அதை அடையாளம் காணும் இலக்கம் ஈபிஎஸ்ஜி 5234. புதியது எஸ்எல்டி99, இலக்கம் 5235. கோப்பில் எது என்று எழுதியிருக்காவிட்டால் எண்ணைப் பார்த்தே சொல்லலாம். கொழும்பில் ஒரு புள்ளியின் கிழக்கு எண் ஒரு இலட்சத்தை ஒட்டி இருந்தால் பழையது, நான்கு இலட்சத்தை ஒட்டி இருந்தால் புதியது. சரியான இலக்கத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் 5235க்கு மாற்றிச் சேமித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

செய்மதிப் படத்துக்கு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதியின் படம் போதும். 10 மீற்றர் துல்லியம், இலவசம். கொழும்பில் முகில் பெரிய தொல்லை, அதனால் ஜனவரி, பெப்ரவரிப் படங்களையே எடுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தை எடுங்கள். மழைக்காலப் படத்தையும் வெயில்காலப் படத்தையும் ஒப்பிட்டால் இல்லாத மாற்றமெல்லாம் தெரியும். இன்னொன்று, ஆகாயத்தாமரை மூடிய நீர்நிலை மேலிருந்து பார்த்தால் புல்வெளி போலவே பச்சையாக இருக்கும். சந்தேகமான இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

படி 4: குறிகாட்டியை (நிலைமையை அளந்து காட்டும் எண்ணை) தெரிவு செய்யுங்கள்

ஐநாவின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17, அவற்றின் கீழ் 169 உப இலக்குகள். இலங்கைக்கு 2017இலிருந்து இதற்கென ஒரு சட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து உள்ளூர்த் திட்டத்தின் பின்னிணைப்பில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. நாட்டுக்கு அளக்கும் கோலால் ஒரு கால்வாயை அளக்க முடியாது.

ஒவ்வொரு குறிகாட்டியிடமும் நான் மூன்று கேள்வி கேட்பேன். பழைய வருடங்களுக்கும் இதற்குத் தரவு இருக்கிறதா? திட்டத்தின் ஒரு தெரிவுக்கும் (மாற்றுவழிக்கும்) மறு தெரிவுக்கும் இது மாறுமா? எண் தவறான பக்கம் போனால் யார், என்ன செய்ய அதிகாரம் உள்ளவர்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத எண் அறிக்கைக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

‘பசுமைப் பரப்பு’ என்பது வரைவுகளில் அடிக்கடி வரும். வீதி நடுவில் வைத்த பூச்செடியும் அதில் சேரும், நூறு வருடச் சதுப்பும் சேரும். அதற்குப் பதிலாக ‘கால்வாயின் இரு கரையிலும் 250 மீற்றருக்குள் தண்ணீரை உறிஞ்சும் நிலத்தின் பங்கு’ என்று வையுங்கள். அளக்கலாம், தெரிவுக்குத் தெரிவு மாறும், கட்டட அனுமதி கொடுப்பவர் கையில் அது இருக்கிறது.

காற்றுக்கு பிஎம் 2.5ஐ, அதாவது மூச்சோடு உள்ளே போகும் மிக நுண்ணிய தூசின் அளவை, வைத்தால் எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். இலங்கையின் 2008 தரநிலை ஆண்டுச் சராசரியாக கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம் வரை ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல் 5 என்கிறது. ஒரே காற்று ஒன்றில் தேறும், மற்றதில் தேறாது.

படி 5: திட்டமே வராவிட்டால் என்ன நடக்கும்?

என்னை அதிக காலம் பிடித்து நிறுத்தியது இந்தப் படி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சிக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை உண்மை அளவுகள் அல்ல. கால்வாயோர உறிஞ்சு நிலம் இன்று 40 சதவீதம். திட்டத்தின் ‘அ’ தெரிவில் 2035இல் 22, ‘ஆ’ தெரிவில் 36. இன்றோடு ஒப்பிட்டால் இரண்டும் கெடுதல், ‘ஆ’ கொஞ்சம் குறைந்த கெடுதல். ஆனால் எந்தத் திட்டமும் வராமல் இப்போது நடக்கிறபடியே துண்டு துண்டாக நிரப்பிக்கொண்டு போனால் 2035இல் 30 ஆகிவிடும் என்றால்? இப்போது ‘ஆ’ நிலத்தைக் காப்பாற்றுகிற திட்டம். ஒரே எண், ஆனால் தீர்ப்பு தலைகீழ். இன்றைய நிலையோடு மட்டும் ஒப்பிடும் அறிக்கை நல்ல திட்டத்தையும் தள்ளிவிடும்.

இதை மறுபக்கமும் பயன்படுத்துவார்கள். ‘எங்கள் திட்டம் இல்லாவிட்டால் எல்லாமே போய்விடும்’ என்று சரிவை ஊதிக் காட்டினால் எந்த மோசமான திட்டமும் அழகாகத் தெரியும். அதனால் சரிவுக்கோட்டை இரண்டு புள்ளியில் வரையாதீர்கள், குறைந்தது மூன்று வருடங்களின் படத்தை அளந்து வரையுங்கள். அப்புறம் ஏற்கனவே அனுமதி பெற்று இன்னும் தொடங்காத வேலைகளைத் தனியாகச் சேருங்கள். அவை கடந்தகாலப் படத்தில் தெரியாது.

இன்னொரு ஒப்பீடும் வேண்டும். 36 என்பது 30ஐ விட நல்லது, சரி. ஆனால் வெள்ளத்தைத் தாங்க எவ்வளவு வேண்டும்? அந்தக் கீழெல்லையை நீரியல் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். ஆக, ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று ஒப்பீடு: இன்று, திட்டமில்லாத நாளை, மீறக்கூடாத எல்லை.

படி 6: மாற்றுவழிகளை ஒரே அட்டவணையில் வையுங்கள்

நிரையில் குறிகாட்டி, நிரலில் தெரிவுகள், ‘திட்டம் இல்லை’ என்பதும் ஒரு நிரல். கட்டத்துக்குள் எண்ணையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதுங்கள். கடைசியில் புள்ளிகளைக் கூட்டி மொத்தம் போடாதீர்கள். வேலைவாய்ப்புக்கு மூன்று கூட்டி, வெள்ளத்துக்கு மூன்று கழித்து, ‘சமம்’ என்று எழுதுவது அநியாயம். வேலை கிடைப்பவர் ஒருவர், வீட்டுக்குள் தண்ணீர் வருவது இன்னொருவருக்கு.

படி 7: சனத்திடம் கேளுங்கள், தமிழிலும்

ஈஐஏ அறிக்கை வந்தால் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் செய்யும் சிறு மதிப்பீட்டிலும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள். கொழும்பில் தாழ்நிலத் தோட்டங்களில் (நெருக்கமான குடியிருப்புகளில்) தமிழ் பேசுவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆங்கில வினாக்கொத்தோடு போனால் ஆம், இல்லை என்பதற்கு மேல் பதில் வராது.

2016 மே வெள்ளம் இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. அந்தக் கறையைக் காட்டச் சொல்லி அளவுநாடாவால் அளங்கள். வீட்டுத் தரையிலிருந்து அளக்காதீர்கள். சிலர் அதன் பிறகு தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வீதி மட்டத்திலிருந்து அளங்கள். அப்புறம் ஒரு கேள்வி: ‘முதலில் தண்ணீர் எங்கால வந்தது அம்மா, வாசலாலயா, கழிவறைக் குழியாலயா?’ வாசலால் என்றால் கால்வாயோ ஆறோ பெருகியிருக்கிறது. குழியால் என்றால் வடிகால் அடைத்துத் திரும்பியிருக்கிறது. தீர்வு இரண்டுக்கும் வேறு வேறு. இந்த விவரம் எந்தச் செய்மதியிலும் கிடைக்காது.

படி 8: அறிக்கையும் கண்காணிப்பும்

அறிக்கையைப் பத்துப் பக்கத்துக்குள் முடியுங்கள், அட்டவணை முதல் பக்கத்திலேயே வரட்டும். ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எதிரே யார் அளப்பது, எந்த மாதம், எந்த எண்ணைத் தொட்டால் திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வரைவு மக்கள் பார்வைக்கு இருக்கும் காலத்துக்குள் கையளிக்க வேண்டும். திட்டம் வர்த்தமானிக்குப் போன பிறகு கொடுத்தால் கோப்புக்குள் போய்விடும்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: சனத்தொகைத் தரவு கிராம அலுவலர் பிரிவுப்படி இருக்கிறது, நீரேந்துப் பரப்பு அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது, எப்படிப் பொருத்துவது? பிரிவின் பரப்பில் எத்தனை பங்கு உள்ளே இருக்கிறதோ அதே பங்குச் சனத்தை எடுப்பது எளிய வழி. ஆனால் பாதிப் பிரிவு சதுப்பாக இருந்தால் ஆளில்லாத சதுப்பிலும் சனம் வாழ்வதாகக் கணக்கு வரும். கட்டடங்கள் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதன் பங்கைப் பயன்படுத்துங்கள். கட்டட வரைவுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடம் உதவும்.

இன்னொருவர், கொழும்புக்கு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகர அங்கீகாரம் கிடைத்திருக்கிறதே, அதைக் குறிகாட்டியாக வைக்கலாமா என்று எழுதியிருந்தார். வைக்க வேண்டாம். முதன்முதலில் அதைப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று என்பது பெருமைதான். ஆனால் அங்கீகாரம் ஓர் எண் அல்ல, வருடா வருடம் கூடிக் குறையாது. அதை அறிக்கையின் முன்னுரையில் எழுதுங்கள். நகரம் ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல அது நல்ல ஆதாரம். அட்டவணைக்குள் தலங்கமவிலோ பெத்தகானவிலோ உள்ள சதுப்பின் பரப்பை, ஹெக்டேயர் கணக்கில், பெப்ரவரிக்குப் பெப்ரவரி வையுங்கள்.