கிரிட்டாவில் வெளி பிரஷ்களை ஏற்றுவதும் அடுக்குவதும்

இங்கே இருப்பது கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் 5-ஆம் பதிப்புக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் பொருந்தும். 2021 டிசம்பரில் வந்த 5.0-இல் பிரஷ்களைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். 4.x காலத்து வீடியோவை வைத்துக்கொண்டு மெனு தேடினால் பல இடங்களில் கிடைக்காது. நீங்கள் மென்பொருளை நிறுவி, டேப்லெட் டிரைவரும் போட்டுவிட்டீர்கள், பேனாவின் அழுத்தமும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இறக்கிய கோப்பு என்ன வகை என்று முதலில் பாருங்கள். கோப்பின் பெயர் "பண்டில்" (.bundle) என்று முடிந்தால் நல்லது. பிரஷ், நுனி (பிரஷ் பதிக்கும் வடிவத்தின் படம்), டெக்ஸ்சர் எல்லாம் ஒரே மூட்டையில் வரும். "கேபிபி" (.kpp) என்றால் ஒற்றை பிரஷ். "ஏபிஆர்" (.abr) என்றால் ஃபோட்டோஷாப்புடையது. ப்ரோகிரியேட்டின் "பிரஷ்செட்", கிளிப் ஸ்டுடியோவின் "எஸ்யூடி" இரண்டையும் கிரிட்டா திறக்காது. மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் மெனக்கெட வேண்டாம்.

பண்டில் ஏற்றுவது

"செட்டிங்ஸ்" மெனுவில் "மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ்" திறந்து, "இம்போர்ட்" அழுத்தி, கோப்பைக் காட்டினால் முடிந்தது. சிக்கல் வருவது அதற்கு முன்னால். பண்டில்கள் பெரும்பாலும் ஜிப்பில் போட்டுத் தரப்படும். அதை ஒரு முறை மட்டும் பிரியுங்கள். பண்டில் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான் என்பதால், பிரிக்கச் சொன்னால் 7-ஜிப் போன்ற மென்பொருள்கள் அதையும் பிரித்துப் போட்டுவிடும். கையில் "பெயின்ட்ஆப்ப்ரீசெட்ஸ்", "பிரஷஸ்" என்று வெறும் ஃபோல்டர்கள் மிஞ்சினால் ஒரு படி கூடுதலாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். மறுபடி ஜிப்பிலிருந்து பண்டில் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை கேபிபி கோப்புக்கு இடம் வேறு: "செட்டிங்ஸ்", "மேனேஜ் ரிசோர்சஸ்", "இம்போர்ட் ரிசோர்சஸ்". நண்பர் கேபிபி மட்டும் அனுப்பியிருந்தால், அதன் நுனிப் படத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நுனி கிடைக்காத பிரஷ், செய்தவர் நினைத்தபடி கோடு போடாது.

ஏபிஆர்: எல்லோரும் திணறும் இடம்

ஏபிஆர் கோப்பையும் பண்டிலை ஏற்றிய அதே லைப்ரரி ஜன்னலில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டுப் பிரஷ் பட்டியலைப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. "ஏறவில்லை" என்று மறுபடி மறுபடி இம்போர்ட் செய்பவர்கள் ஏராளம். உண்மையில் ஏறிவிட்டது. ஏபிஆரிலிருந்து கிரிட்டா எடுத்துக்கொள்வது நுனிப் படத்தை மட்டும். அழுத்தத்துக்கு எவ்வளவு பருக்க வேண்டும், எப்படிச் சுழல வேண்டும், எவ்வளவு சிதற வேண்டும் என்ற ஃபோட்டோஷாப் அமைப்புகள் வராது. அவற்றைச் சேர்த்து ப்ரீசெட்டாக, அதாவது அமைப்புகளோடு சேமித்த பிரஷாக, ஆக்குவது நம் வேலை.

பட்டியலில் "பி) பேசிக்-5 சைஸ்" பிரஷைத் தேர்ந்தெடுங்கள், அழுத்தத்துக்கு ஏற்பப் பருமன் மாறும் வசதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. எஃப்5 அழுத்தினால் பிரஷ் எடிட்டர் திறக்கும். "பிரஷ் டிப்" பகுதியில் "ப்ரீடிஃபைன்ட்" என்பதற்குப் போனால், ஏபிஆரில் வந்த நுனிகள் வரிசையாக நிற்கும். ஒன்றைச் சொடுக்குங்கள்.

பல நுனிகள் 2000 பிக்சலுக்கு மேல் இருக்கும். முதல் இழுப்பிலேயே கணினி முக்கும். அளவை 150 பிக்சல் பக்கம் இறக்கிவிட்டு "ஸ்பேசிங்" பாருங்கள். இது ஒரு முத்திரைக்கும் (நுனியின் ஒரு பதிவு) அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, நுனி அளவின் மடங்காக. அளவு 500, ஸ்பேசிங் 0.1 என்றால் 50 பிக்சலுக்கு ஒரு முத்திரை விழும். 0.02 என்றால் 10 பிக்சலுக்கு ஒன்று, அதாவது ஐந்து மடங்கு வேலை. டெக்ஸ்சர் நுனிகளுக்கு 0.1 முதல் 0.2 வரை போதும். இலை, புல் போன்று தனித்தனியாகத் தெரிய வேண்டியவற்றுக்கு 1.0 அல்லது அதற்கு மேல்.

அடுத்து "ரொட்டேஷன்", அதாவது நுனி சுழலும் விதம். எதை வைத்துச் சுழல வேண்டும் என்பதை "சென்சார்" முடிவு செய்யும். இதை விட்டுவிட்டால் மரத்தில் எல்லா இலையும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இலைக்கு "ஃபஸி டேப்" சென்சார்: ஒவ்வொரு முத்திரையும் தன் போக்கில் திரும்பும். கயிறு, சங்கிலி, தையல் கோடு என்றால் "டிராயிங் ஆங்கிள்": கை போகும் திசையில் திரும்பும்.

வண்ண பிஎன்ஜி படத்தை நுனியாக வைத்தால், நீங்கள் தேர்ந்த நிறத்தை விட்டுவிட்டுப் படத்தின் நிறத்திலேயே அச்சு விழலாம். பிரஷ் மோடை "ஆல்ஃபா மாஸ்க்" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கடைசியில் "சேவ் நியூ பிரஷ் ப்ரீசெட்". பக்கத்திலேயே "ஓவர்ரைட் பிரஷ்" இருக்கிறது, கை அங்கே போகக் கூடாது. அடிப்படைக்கு எடுத்த பேசிக்-5 மாறிப்போய்விடும். ஒரு ஏபிஆரில் 80 நுனி இருந்தால் எண்பதையும் ப்ரீசெட்டாக்க உட்காராதீர்கள். பிடித்த நான்கைந்து போதும்.

டேக்

பண்டில் பெயரிலேயே டேக் (பிரஷ்களைப் பிரித்துக் காட்டும் பெயர்ச்சீட்டு) வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரையும் நடுவில் "இது யாருடைய பிரஷ்" என்று யாரும் யோசிப்பதில்லை. "மை போட வேண்டும்" என்றுதான் கை தேடும். ஸ்கெட்ச், மை, வண்ணம், கலப்பு, டெக்ஸ்சர் என்று வேலையின் வரிசையில் ஐந்து டேக் வையுங்கள். "பிரஷ் ப்ரீசெட்ஸ்" பேனலில் டேக் பொத்தானை அழுத்திப் புதிய டேக் உருவாக்கலாம். பிறகு பிரஷ் மீது ரைட் கிளிக் செய்து டேக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

ஒரு டேக்கில் பத்துக்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கேன்வாஸில் ரைட் கிளிக் செய்தால் வரும் வட்டத் தட்டு, அமைப்பை மாற்றாதவரை, 10 பிரஷ்தான் காட்டும். அந்தத் தட்டிலேயே டேக்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பெரிய பேனலை மூடியே வைக்கலாம். தினமும் தொடும் நான்கைந்தை "டென் பிரஷஸ்" என்ற ஸ்கிரிப்ட் வழியாக கன்ட்ரோல்+ஆல்ட்+1, 2, 3 என்று விசைகளுக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் வேகம்.

வேண்டாத பண்டிலை அழிக்கத் தேவையில்லை. லைப்ரரி ஜன்னலில் "டிஆக்டிவேட்" செய்தால் அதன் பிரஷ்கள் பட்டியலிலிருந்து மறையும். தேவைப்படும்போது திரும்ப எழுப்பலாம். தனி பிரஷை டெலீட் செய்தாலும் கிரிட்டா 5 அதை ஒளித்துத்தான் வைக்கிறது. "மேனேஜ் ரிசோர்சஸ்" ஜன்னலில் அழித்தவற்றையும் காட்டச் சொல்லி மீட்கலாம்.

அடுக்கி முடித்ததும் அதே லைப்ரரி ஜன்னலில் "கிரியேட் பண்டில்" கொடுத்து உங்கள் பிரஷ்களை ஒரு கோப்பாக்கி பென்டிரைவில் போடுங்கள். ப்ரீசெட்டோடு நுனிகளையும் டேக்குகளையும் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: "பிரஷ் தானாக மாறிவிட்டது"

இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. அளவு, ஒளிபுகும் தன்மை எதையாவது மாற்றிவிட்டு வேறு பிரஷுக்குப் போய்த் திரும்பினால், மாற்றம் அப்படியே இருக்கலாம். பிரஷ் எடிட்டரில் "டெம்பரரிலி சேவ் ட்வீக்ஸ் டு ப்ரீசெட்ஸ்" டிக் ஆகியிருந்தால் இப்படித்தான் நடக்கும். மாற்றம் தேங்கிய பிரஷின் படத்தில் சின்னக் கூட்டல் குறி தெரியும். மேல் பட்டையில் "ரீலோட் ஒரிஜினல் ப்ரீசெட்" அழுத்தினால் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும்.