பன்றிக்கு லத்தீனில் என்ன பெயர்? சொல்வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் படிக்க வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் சொல்வரலாற்றில் இறங்கிவிடுகிறார்கள். நல்ல ஆர்வம்தான். ஆனால் ஒவ்வொரு புது அணியும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறது. தொடங்கிய காலத்தில் நானும் விழுந்த இடங்கள் அவை. எழுத்துப்பிழை, வேற்றுமை உருபைக் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும், பன்றி என்ற ஒரே விலங்கை வைத்துச் சொல்கிறேன்.

ஒரே ஒரு சொல்தான் இருக்கும் என்று நம்புவது

'பன்றிக்கு லத்தீனில் என்ன சார்?' என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் பன்றி என்று திருப்பிக் கேட்பேன். பொதுவாகப் பன்றி இனத்துக்கு 'சூஸ்'. 'போர்குஸ்' இன்னொன்று. பொலிபன்றி 'வெர்ரேஸ்', குட்டி போடும் தாய்ப்பன்றி 'ஸ்க்ரோஃபா', காயடித்தது 'மையாலிஸ்', காட்டுப்பன்றி 'அபெர்'. பன்றி வளர்த்துப் பிழைத்த சமூகத்தில் இத்தனை பெயர் இருப்பது இயல்பு.

இங்கேயே ஒரு பழைய பிழை உண்டு. 'சூஸ்' என்றால் காட்டுப்பன்றி, 'போர்குஸ்' என்றால் வீட்டுப்பன்றி என்று பல குறிப்புகளில் இன்னும் எழுதுகிறார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் இதை மறுத்துக் காட்டினார். அவருடைய சான்று எளிமையானது. ரோமானியர் மார்ஸ் கடவுளுக்குப் பன்றி, ஆடு, மாடு மூன்றையும் சேர்த்துப் பலியிடும் சடங்கின் பெயர் சுவோவெதவ்ரிலியா. அதன் முதல் அசையில் இருப்பது 'சூஸ்'. காட்டு விலங்கையா மந்தை விலங்குகளோடு சேர்த்துப் பலி கொடுப்பார்கள்? ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான மூத்த காத்தோ தன் வேளாண் நூலில் பால்குடி மாறாத குட்டிகளைப் பலியிடும்போது சொல்ல வேண்டிய மந்திரத்தைக் கொடுக்கிறார். அங்கே வருவது 'போர்குஸ்'. ஆக, பழைய வேறுபாடு காடு, வீடு சார்ந்தது இல்லை, வயது சார்ந்தது என்பது பென்வெனிஸ்தின் முடிவு. 'சூஸ்' வளர்ந்த பன்றி, 'போர்குஸ்' குட்டி. பிற்காலத்தில்தான் 'போர்குஸ்' எல்லாப் பன்றிக்கும் பொதுவானது.

காத்தோவின் குடிப்பெயரே போர்கியுஸ். கால்நடையிலிருந்து வந்த குடிப்பெயர்களில் அதையும் ஒன்றாக ரோமானிய அறிஞர் வர்ரோ கணக்கில் சேர்க்கிறார்.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். விலையும் இதற்குத்தான் அதிகம்.

'போர்குஸ், பன்றி. இரண்டும் ப-வில் தொடங்குகிறது, இரண்டிலும் ஒரு ரகரம் இருக்கிறது. ஆகவே லத்தீன் சொல் தமிழிலிருந்து போனது.' எல்லா அணியிலும் யாராவது ஒருவர் இதைக் கொண்டுவருவார். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு ஒரு நூலே அச்சிட்டார். முதல் அத்தியாயம் முழுக்க இப்படிப்பட்ட ஜோடிகள். அதே நூலின் பின்பகுதியில் மலைக்கிராமங்களில் அவரே நடந்து சேகரித்த வேட்டைச் சொற்கள் இருந்தன. பன்றியின் வயதுக்கு, தடத்துக்கு, அது மண்ணைக் கிளறிய இடத்துக்கு என்று தனித்தனிப் பெயர்கள். வேறு எங்கும் பதிவாகாத சொற்கள். படிக்க வேண்டிய ஆய்வாளர்கள் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு நூலை மூடிவிட்டார்கள். அந்தச் சொற்கள் அப்படியே கிடக்கின்றன. ஒரு பொய்யான ஜோடி உண்மையான உழைப்பை எப்படி மூழ்கடிக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சரி, ஏன் அந்த ஜோடி தவறு? முதலில் பன்றியை அதன் சொந்த வீட்டில் வைத்துப் பாருங்கள். தெலுங்கில் பந்தி, மலையாளத்தில் பன்னி, கன்னடத்தில் ஹந்தி. எல்லாவற்றிலும் நடுவில் மூக்கொலி இருக்கிறது. லத்தீன் சொல்லில் அது இல்லை. லத்தீனில் உள்ள ககரம் இவற்றில் எதிலும் இல்லை. அப்புறம் அந்த 'ரகரம்'. பன்றியில் இருப்பது றகரம். பள்ளியில் கசடதபற என்று மனப்பாடம் செய்தோமே, அதில் கடைசி எழுத்து. பழந்தமிழில் அது வல்லினம். லத்தீன் சொல்லில் உள்ளதோ நம் இடையின ரகரத்தைப் போன்ற ஒலி. மிஞ்சுவது முதலெழுத்து ஒன்றுதான். முதலெழுத்து ஒத்துப்போனால் போதும் என்றால் உலகத்தில் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம்.

உறவைக் காட்டுவது ஒலியின் சாயல் இல்லை, ஒழுங்கு. பால் என்பது கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. பழைய கன்னடத்தில் இவை ப-வோடு இருந்தன, பிறகு வரிசையாக ஹ ஆயின. ஒன்று என்பது ஒந்து. ஆக, பன்றி ஹந்தி ஆனதில் எந்த வியப்பும் இல்லை. முதலெழுத்து மாறியிருக்கிறது, ஆனாலும் உறவு உறுதி.

இதே ஒழுங்கு லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே உண்டு. லத்தீன் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வரும்: பாதெர், ஃபாதர், பிஸ்கிஸ், ஃபிஷ். லத்தீன் க இருக்கும் இடத்தில் ஹ வரும்: கோர்னு, ஹார்ன், கென்தும், ஹண்ட்ரட். இப்போது 'போர்குஸ்' என்ற சொல்லை இதே கணக்கில் போடுங்கள். ஃப-வில் தொடங்கி ஹ-வில் முடியும் ஒரு சொல் பழைய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது: 'ஃபெயார்ஹ்', பன்றிக்குட்டி. இன்றைய ஆங்கிலத்தில் அது 'ஃபேரோ' ஆகி, பன்றி ஈனுவதையும் ஓர் ஈற்றுக் குட்டிகளையும் குறிக்கிறது. லித்துவேனியனில் 'பர்ஷாஸ்'. பழைய ஐரிஷில் ப அறவே விழுந்துவிடும், ஆகவே 'ஒர்க்'. காதுக்கு 'போர்குஸ்' போல ஒலிக்காத இந்தச் சொற்கள்தான் அதன் உண்மையான உடன்பிறப்புகள்.

இந்த ஒழுங்கு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லத்தீனில் 'போர்கா' என்றால் பெண்பன்றி. அதே 'போர்கா' உழவில் இரண்டு சால்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பாரையும் குறிக்கும். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறித் தள்ளுமே, அதனால்தான் பாருக்கு அந்தப் பெயர் என்று கேட்டவுடன் தோன்றும். கதை அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் பார்த்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. பன்றிக்குட்டி 'ஃபெயார்ஹ்', உழவுச்சால் 'ஃபுர்ஹ்', இன்றைய 'ஃபரோ'. உயிரொலி வேறு. லத்தீனில் இரண்டு உயிரொலிகளும் ஒகரமாகிக் கலந்துவிட்டன, ஆங்கிலத்தில் கலக்கவில்லை. பாருக்குப் பன்றியின் பெயரைத் தூக்கி வைக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. இன்னும் ஆழத்தில் இரண்டுக்கும் 'தோண்டு' என்ற பொருளில் ஒரு பொது வேர் இருந்திருக்கலாம் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. அது ஊகம், ஆனால் உயிரொலி வேறுபாட்டுக்கும் கணக்குச் சொல்லிவிட்டுச் செய்யும் ஊகம். கிளறுகிற பன்றிக் கதை அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

'உறவு இல்லையென்றால் கடன் வாங்கியிருக்கலாமே?' என்பார்கள். வாங்கலாம். லத்தீனும் ஆங்கிலமும் சேர்ந்த இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் ஃபின்னிஷ் இல்லவே இல்லை, ஆனாலும் அதில் பன்றிக்குட்டிக்கு 'போர்சாஸ்' என்கிறார்கள். பழங்காலத்தில் அண்டை மக்களிடமிருந்து வாங்கியது. ஆனால் கடன் என்று சொன்னால் வழியைக் காட்ட வேண்டும். இஞ்சிக்கு வழி இருக்கிறது: திராவிடச் சொல், பாலியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ், லத்தீனில் ஜிங்கிபெர். பண்டம் கப்பலேறியது, பெயரும் கூடவே போனது. ரோமானியரிடம் பன்றி ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பெயர் கேட்டு அவர்கள் இங்கே வர வேண்டியதில்லை.

பழைய ஆள் சொன்னதால் நம்புவது

கிரேக்கத்தில் பன்றிக்கு 'ஹூஸ்'. பலியிடுதல் என்ற பொருளுடைய 'தூயெய்ன்' என்ற வினையிலிருந்து அது வந்தது என்று வர்ரோ எழுதினார். தவறு. சொல்தொடக்கத்து ஸகரம் கிரேக்கத்தில் ஹகரமாகும், ஆகவே 'ஹூஸ்' என்பதும் 'சூஸ்' என்பதும் ஒன்றே. வர்ரோ பன்றி வளர்ப்பைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள், சொற்பிறப்பைப் பற்றிச் சொன்னால் சரிபாருங்கள்.

நார்மன் கதையை அப்படியே ஒப்பிப்பது

1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், உழவன் வளர்த்தது 'ஸ்வைன்', பிரபு தின்றது 'போர்க்', அதனால்தான் விலங்குக்கு ஒரு சொல், கறிக்கு ஒரு சொல். 1819-இல் வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ நாவல் பரப்பிய விளக்கம் இது. அடிப்படை சரி: 'போர்க்' பிரெஞ்சு வழியாக 'போர்குஸ்' என்பதிலிருந்து வந்தது, 'ஸ்வைன்' என்பதும் பெண்பன்றியைக் குறிக்கும் 'சௌ' என்பதும் 'சூஸ்' சொல்லின் உறவுகள். ஆனால் பிரெஞ்சில் 'போர்' விலங்குக்கும் கறிக்கும் பொது. இடைக்கால ஆங்கிலத்தில் 'போர்க்' உயிருள்ள பன்றியையும் குறித்தது. இவ்வளவு துப்புரவான பிரிவு மெல்ல மெல்ல வந்ததுதான்.

நடுக்கண்ணியை விட்டுவிடுவது

பீங்கானுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'போர்சலின்' பன்றியோடு தொடர்புடையது என்று கேள்விப்பட்டதும், பன்றி எலும்புச் சாம்பலில் செய்தார்கள் போலிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். எலும்புச் சாம்பல் சேர்த்த பீங்கான் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வந்தது, அதிலும் மாட்டெலும்புதான். சொல் அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. நடுவில் இருப்பது சோழி. இத்தாலியனில் 'போர்செல்லா' இளம் பெண்பன்றி, அதிலிருந்து 'போர்செல்லானா' சோழி. சோழியின் வளைந்த முதுகைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள் சிலர், அடிப்பக்கப் பிளவு பெண்பன்றியின் குறியை நினைவூட்டியதால் என்பார்கள் வேறு சிலர். சீனப் பாண்டத்தின் பளபளப்பு சோழி ஓட்டைப் போல இருந்ததால் பாண்டத்துக்கும் அதே பெயர் போனது. மார்கோ போலோவின் பயணக்குறிப்பில் இரண்டுக்குமே அந்தச் சொல் வருகிறது.

முள்ளம்பன்றியை மொழிபெயர்ப்பு என்று நினைப்பது

ஆங்கிலத்தின் 'போர்க்குபைன்' லத்தீன் பன்றியும் முள்ளும் சேர்ந்தது. ஜெர்மனிலும் முட்பன்றி, கன்னடத்திலும் தெலுங்கிலும் அப்படியே. அந்த விலங்கைப் பார்த்த எவருக்கும் தோன்றும் பெயர். யாரும் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.

'சூஸ்' எழுத்துகளை எங்கே கண்டாலும் துள்ளுவது

ருமேனியனில் 'சுஸ்' என்றால் மேலே. இளைஞர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'சஸ்' என்பது சந்தேகத்தின் சுருக்கம். பன்றி எதிலும் இல்லை.

அறிவியல் பெயர் மாறாது என்று நம்புவது

அசாம் மானஸ் காட்டின் குள்ளப்பன்றியை 1847-இல் இயற்கை ஆய்வாளர் ஹாட்ஸன் 'போர்குலா' என்றார். பிறகு அதை 'சூஸ்' பேரினத்தில் சேர்த்தார்கள். 2007-இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு மறுபடி 'போர்குலா'. பழைய நூலைப் பார்த்து எழுதினால் பழைய பெயர்தான் வரும்.

மூதாதைச் சொல்லை அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவது

ஸ்பெயினில் பன்றிக்குச் சாதாரணமாக 'செர்தோ', இத்தாலியில் 'மையாலே'. 'புவெர்கோ', 'போர்கோ' இரண்டும் பேச்சில் வசவாகவே அதிகம் விழும். போர்ச்சுகலில் 'போர்கா' கேட்டால் பெண்பன்றியாகவும் இருக்கலாம். வன்பொருள் கடையில் கேட்டால் போல்ட்டுக்குப் போடும் நட்டை எடுத்துக் கொடுப்பார்கள்.