பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டதா?

ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவைச் செருகினால், ஃபோல்டரெல்லாம் வளைந்த அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நிற்கும். சில சமயம் பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். பதறிப்போய் ஃபார்மட் செய்கிறவர்கள்தான் கோப்புகளை உண்மையில் தொலைக்கிறார்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'யூஸ்டு ஸ்பேஸ்' பழைய அளவிலேயே இருந்தால் கோப்புகள் எங்கும் போகவில்லை, ஒளிந்திருக்கின்றன. ஒளித்து வைத்தது ஒரு வைரஸ்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே, நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வசதி வழியாக வைரஸ் ஓட முடிந்தது. 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் அப்படியும் பரவியது. விண்டோஸ் 7-இல் யூஎஸ்பிக்கு அந்த வழி அடைபட்டது. அதனால் இப்போது வைரஸுக்கு உங்கள் கிளிக் தேவைப்படுகிறது. ஃபோல்டர்களை 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று குறித்து மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் முதலில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வைரஸின் சிறு நிரல், ஓடும், பின்னாலேயே நிஜ ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. அதற்குள் அது ஸ்டார்ட்அப்பில் உட்கார்ந்துகொண்டு, அடுத்துச் செருகும் பென்டிரைவுக்குக் காத்திருக்கும்.

ஆகவே பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை; திரும்பச் செருகியதும் ஒட்டிக்கொள்ளும். முதலில் அதைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கவனியுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கேனுக்குச் சுமார் 15 நிமிடம் பிடிக்கும். விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டே ஒளியும் ஆசாமிகளும் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் 'ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக் கணினியில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. டிசேபிள் செய்துவிட்டு ஒரு ஃபுல் ஸ்கேனும் ஓட்டுங்கள்.

இனி பென்டிரைவ். செருகியதும் அதை ரைட் கிளிக் செய்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' தாவலுக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இப்போது மங்கலான நிறத்தில் ஃபோல்டர்கள் தெரியும். பெயரே இல்லாத ஒன்று இருந்தால் பெரும்பாலும் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாமல், உள்ளே போய் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினியில் புது ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். ஷார்ட்கட்டையோ, வி.பி.எஸ்., ஜே.எஸ்., இ.எக்ஸ்.இ. என்று பெயர் முடியும் கோப்புகளையோ தொடாதீர்கள். கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மட். கடைசியில் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கோப்புப் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' மட்டும் எப்போதும் தெரியும்படி இருக்கட்டும். 'பில்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ.' போன்ற வேஷம் அதில் கலைந்துவிடும். ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் அப்போதும் காட்டாது. அதற்கு அம்புக்குறிதான் அடையாளம்.

கடைக்குத் தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வைத்துக்கொண்டு, பிரிண்ட் எடுக்க வேண்டிய பி.டி.எஃப். மட்டும் போட்டுக் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் ஃபார்மட் செய்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று சொல்லும் கிராக் சாஃப்ட்வேரை அந்த வரியிலேயே மூடிவிடலாம்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' வகையைச் சேர்ந்த வான்னாக்ரை 2017 மே 12 அன்று பரவியபோது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தீர்வு வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டும்போது செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். அதனால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் காப்பி எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.