ஓணம் விற்பனை மின்னஞ்சல்: அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை

நாகர்கோவிலில் நேந்திரம் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் செய்து வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்பும் ஒரு கடையிடம் 40,000 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓணத்துக்கு முன் அத்தனை பேருக்கும் விலைப்பட்டியல் போய்ச் சேர வேண்டும். "எத்தனை மணி நேரத்தில் அனுப்பி முடிக்கலாம்?" என்பதே கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் ஒரேயடியாக அனுப்பினால் அஞ்சல் நிறுவனங்கள் ஏற்காமல் திருப்பிவிடக்கூடும் என்பதால், ஜிமெயில் ஒரு மணி நேரத்தில் நம்மிடமிருந்து எவ்வளவு வாங்கிக்கொள்ளும், யாகூ எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்று பிரித்துக் கேட்பதே சரி. பேச்சிப்பாறை அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், ஒவ்வொரு கால்வாயும் தாங்கும் அளவுக்குத்தானே மதகைத் திறக்கிறார்கள்?

வேகத்தைத் தொடும் முன் முடித்துவைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல், தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அஞ்சல் அனுப்புவோர் தங்கள் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய, அஞ்சல் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் மூன்று ஏற்பாடுகளையும் அமைத்திருக்க வேண்டும் என்றும், விளம்பர அஞ்சலிலிருந்து ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்றும் கூகுள் விதித்திருக்கிறது. இவை இல்லாதவர் எவ்வளவு மெதுவாக அனுப்பினாலும் பயனில்லை.

அடுத்து, பட்டியலை அஞ்சல் நிறுவனவாரியாகப் பிரியுங்கள். நம் எடுத்துக்காட்டில் 28,000 முகவரிகள் ஜிமெயிலில் இருந்தால், அவற்றை எட்டு மணி நேரத்தில் பரப்ப மணிக்கு 3,500, அதாவது ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று போதும். சொந்த சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் அனுப்பும் மென்பொருளை வைத்திருப்பவர்கள், ஒரே டொமைனுக்குச் செல்லும் அஞ்சல்களுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியை ஒரு விநாடி என்று அமைத்தால் வேகம் ஏறக்குறைய இந்த அளவுக்குள் நிற்கும். இயல்பு நிலையில் அந்த இடைவெளி சுழியமாக இருப்பதால், அமைக்காமல் விட்டால் அஞ்சல்களுக்கு இடையே காத்திருப்பே இருக்காது. ஜிமெயிலுக்கு ஒரு வழி, யாகூவுக்கு ஒரு வழி, மற்றவற்றுக்கு ஒரு வழி எனத் தனித்தனியே வைத்தால், ஓரிடத்தில் தேக்கம் ஏற்படும்போது மற்றவை நிற்கமாட்டா.

அமேசான் எஸ்இஎஸ் போன்ற, நமக்காக அஞ்சல் அனுப்பித் தரும் இணையச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு: 24 மணி நேரத்துக்கு ஒன்று, விநாடிக்கு ஒன்று. புதிய கணக்கு, சோதனை நிலையிலிருந்து வெளிவரும் வரை, நாளுக்கு 200 அஞ்சல், விநாடிக்கு ஒரு அஞ்சல் என்ற எல்லைக்குள்தான் இயங்கும். பெறுநர் ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்கில் வருவதால், ஓர் அஞ்சலில் பத்து பேரைச் சேர்த்து வரம்பைத் தாண்ட முடியாது. வரம்பை மீறி உங்கள் நிரல் அனுப்பும் கோரிக்கையை அந்தச் சேவை திருப்பிவிடும். அந்த அஞ்சலை நினைவில் வைத்து மீண்டும் அனுப்பும் பொறுப்பு உங்கள் நிரலுக்கே உரியது.

நிரலை நீங்களே எழுதுவதாக இருந்தால், டோக்கன் வாளி முறை எளிதானது. ஒரு வாளியில் விநாடிக்கு இத்தனை என்று டோக்கன்கள் விழுந்துகொண்டிருக்கும். ஓர் அஞ்சல் புறப்பட ஒரு டோக்கன் எடுக்க வேண்டும். வாளி காலியானால் காத்திருக்க வேண்டும். இதில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். அனுப்பும் செயல்முறைகள் (ஒரே நிரலின் தனித்தனி ஓட்டங்கள்) நான்கு ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் தனி வாளி வைத்துவிட்டால், விநாடிக்கு பத்து என்று நினைத்தது நாற்பதாகிவிடும். ஆகவே ஓர் அஞ்சல் நிறுவனத்துக்கு ஒரு வாளி, அது எல்லாச் செயல்முறைகளுக்கும் பொதுவாக ரெடிஸ் போன்ற பொதுத் தரவுக் கிடங்கில் இருக்க வேண்டும்.

புதிய ஐபி முகவரியிலிருந்தோ (அனுப்பும் சர்வரின் இணைய எண்), நெடுநாள் சும்மா கிடந்த டொமைனிலிருந்தோ அனுப்புவோர், முதல் நாளிலேயே முழுப் பட்டியலையும் தொடக் கூடாது. முதல் நாள் 500, மறுநாள் 1,000, பிறகு 2,000, 4,000, 8,000, 16,000 என்று இரட்டித்துச் சென்றால், ஆறு நாளில் 31,500 பேரை எட்டிவிடலாம். எஞ்சிய 8,500 பேருக்கு ஏழாம் நாள் அனுப்பலாம். இது ஒரு வசதியான படிக்கட்டுதான், எந்த நிறுவனமும் வகுத்த விதியன்று. "பிறகு வா" என்று தாமதப்படுத்தும் பதில்கள் பெருகும் நாளில் இரட்டிக்காமல் அதே எண்ணிக்கையில் நில்லுங்கள். வரிசையும் முக்கியம்: கடந்த ஒரு மாதத்தில் பொருள் வாங்கியவர்களும் இணைப்பைச் சொடுக்கியவர்களும் முதலில், மூன்று மாதத்தினர் பிறகு, பழைய முகவரிகள் கடைசியில். ஆர்வமுள்ளவர்கள் முதலில் திறந்து படிப்பதே அடுத்தடுத்த நாள்களில் நமக்கு நற்பெயரை ஈட்டித் தரும்.

அனுப்பத் தொடங்கிய பின், எதிர்ச் சர்வர், அதாவது பெறுநரின் அஞ்சல் நிறுவனத்துச் சர்வர், சொல்லும் பதிலைக் கவனிப்பதுதான் உண்மையான வேலை. நான் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். ஒவ்வொரு பதிலும் ஓர் எண்ணுடன் வரும். 5இல் தொடங்கும் பதில் நிரந்தர மறுப்பு. முகவரியே இல்லை என்று அது சொன்னால், அந்த முகவரியை அன்றே நீக்குங்கள். 4இல் தொடங்குவது, இப்போது வேண்டாம், பிறகு வா என்பதாகும். ஜிமெயில் 421 என்ற எண்ணுடன் 4.7.28 என்று சொன்னாலோ, யாகூ டிஎஸ்எஸ்04 என்ற குறியீட்டைச் சொன்னாலோ, அளவோ புகார்களோ (பெறுநர்கள் ஸ்பேம் என்று குறிப்பது) எல்லை கடந்துவிட்டன என்று கொள்ள வேண்டும். அப்போது அந்த நிறுவனத்துக்கான வேகத்தை உடனே பாதியாக்குங்கள். ஒரு மணி நேரம் அமைதியாகச் சென்ற பிறகே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். திரும்பிய அஞ்சல்களை எல்லாம் சரியாக ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அனுப்புமாறு அமைத்தால், அவை ஒரே நொடியில் கூட்டமாகப் போய் மோதி மறுபடியும் திரும்பும். ஒவ்வொரு முயற்சிக்கும் காத்திருப்பை நீட்டுங்கள். அதில் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கும்படி தற்செயல் எண்ணையும் சேருங்கள்.

அனுப்புவோருக்கெனக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் கருவியில் புகார் விகிதத்தை நாள்தோறும் பாருங்கள். ஆயிரத்தில் ஒருவருக்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரத்தில் மூவரை எட்டவே கூடாது. விகிதம் ஏறினால் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. அனுப்புவதை நிறுத்திவிட்டு, யாருக்கு, ஏன் அனுப்புகிறோம் என்று பட்டியலைத்தான் திருத்த வேண்டும்.

விளம்பர அஞ்சலும், ஆர்டர் உறுதிச் செய்தியும் ஒரே வரிசையில் நிற்கவே கூடாது. பணம் கட்டியவர், உறுதிச் செய்தி வராமல் இரண்டு மணி நேரம் தவித்தால், அவர் கடையின் மீது வைத்த நம்பிக்கை போய்விடும். இரண்டுக்கும் தனி வரிசை, தனித் துணை டொமைன், இயன்றால் தனி ஐபி வைத்துவிடுங்கள்.

மறந்துபோகும் இன்னொரு வரம்பு கடைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 பொட்டலம்தான் கட்ட முடியும் என்றால், காலையில் 40,000 பேரை அழைத்து மாலையில் கைவிரிப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதி. வறுக்கும் அடுப்பும், பொட்டலம் கட்டும் கைகளும், கூரியர் வண்டி வரும் நேரமும் தாங்கும் அளவையும் கேட்டே அன்றாட எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள். பொருள் போய்ச் சேரும் நாள்களையும் கணக்கிட்டு, திருவோணத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

கடைசியாக, வரிசையின் ஆயுளைக் குறையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஓர் அஞ்சலை ஐந்து நாள் வரை வைத்திருந்து முயன்றுகொண்டே இருக்கும். அப்படியே விட்டால் தேங்கிய ஓணச் சலுகை, திருவோணத்துக்கு இரண்டு நாள் கழித்து வரும் சதயம் கழிந்தும் சிலருக்குப் போய்ச் சேரும். விளம்பர வரிசைக்கு மட்டும் அதை ஒரு நாளாக வைத்து, ஆர்டர் ஏற்பது முடிந்த மணியில் வரிசையில் எஞ்சியவற்றை நீக்கிவிடுங்கள்.