நாலாம் நம்பரில் மட்டும் ஓடிய ப்ளோயர்

ஏற்காடு மலைப்பாதையில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ப்ளோயர், அதாவது காருக்குள் காற்றை வீசும் விசிறி, சொகுசு இல்லை. முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை விலக்க அதுதான் வழி. என் பழைய காரில் அது நாலாம் நம்பரில் மட்டும் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்றில் மூச்சே இல்லை.

இப்படி இருந்தால் முதலில் ரெசிஸ்டரை, அதாவது விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையை, பாருங்கள். உச்ச வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். மற்ற வேகங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான். சேலத்தில் ஒரு மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொன்னார். நான் கேட்கவில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டு பெட்டியை இறக்கினேன். ரெசிஸ்டர் காற்றுக்குழாய்க்குள் தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. ஓடும் காற்றுதான் அதன் சூட்டைத் தணிக்கிறது. இரண்டே ஸ்க்ரூ, ஆனால் கை நுழையாத மூலையில். குட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் நடக்காது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், அதில் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. அதைத் தாண்டி ஒயரைப் பற்றவைத்து ஓட்டும் வைத்தியம் ஒன்று உண்டு. தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

புதியதை மாட்டும் முன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவினேன். அப்பப்பா, அவ்வளவு சருகும் தூசியும்! காற்று அடைத்தால் புது ரெசிஸ்டரும் எரியும். அப்புறம் மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தேன், இறுக்கம் இல்லை. கனெக்டரில் ஒரு பின் மட்டும் கருகியிருந்தது, அதையும் மாற்றியாயிற்று.