நசுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்

எங்கள் கொல்லைச் செம்பருத்தியில் ஒருமுறை மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கிளை கிளையாகத் தேய்த்துத் தள்ளினேன். நடுவே சில மட்டும் கொஞ்சம் பெரியதாக, உடம்பெல்லாம் மெழுகு நூல் தொங்க, விறுவிறுவென்று ஓடின. இவைதான் தாய்ப்பூச்சி போல என்று தேடித் தேடி நசுக்கினேன். அவை மாவுப்பூச்சியே அல்ல, மாவுப்பூச்சியைத் தின்று வளரும் பொறிவண்டின் புழுக்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கிரிப்டோலேமஸ் என்ற இந்த வண்டை 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் பிரஷ்ஷால் முடித்து வைத்தேன்.

ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மாவுப்பூச்சி அசைந்தால் அதிசயம். இந்தப் புழு சட்டென்று ஓடும், மெழுகு நூலும் நீளமாக இருக்கும். யார் என்று பார்க்காமல் கைவைப்பதுதான் வீட்டுத் தோட்டத்தில் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து இறங்கியது நினைவிருக்கலாம். பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. எத்தனையோ மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான், அதாவது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்பவைதான், அதை அடக்கின. கொசுவை விடச் சிறிய குளவிகள் அவை. குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்று அப்போது விவசாயிகளிடம் சொன்னார்கள். அடித்தால் முதலில் சாவது குளவிதான். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை இருக்கிறது, குளவிக்கு என்ன இருக்கிறது?

இதிலேயே எறும்பைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. மாவுப்பூச்சியும், அதைப் போலவே சாறு உறிஞ்சும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டு வந்தால் விரட்டும். செடியின் அடித்தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது. காவல் போனால் மற்றதைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று கைபோன போக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, தெளித்த இடத்தில் இலை கருகும். உச்சிவெயிலில் வேண்டாம், மாலையில் அடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் பீர்க்கு, சுரை, புடலை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல் பூக்கிறவை. அந்த நேரத்தில் பூவின் மேல் அடித்து, மகரந்தம் சேர்க்க வரும் பூச்சிகளை விரட்டிவிட்டு, பிஞ்சு வெம்பி விழுகிறதே என்று கவலைப்பட்டு என்ன பயன்? இந்தக் கொடிகளில் பூவை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கம் மட்டும் தெளியுங்கள்.

எலி, பெருச்சாளி விஷயத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கும் புரோமடியோலோன் மாதிரி விஷக்கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அப்படித் தள்ளாடுகிற எலிதான் கூகை ஆந்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் எளிதாகச் சிக்கும். விஷம் அவற்றின் வயிற்றுக்குப் போகும். ஒரு எலியைக் கொன்று, எலி பிடிப்பவரையும் கொன்ற கதைதான். பசை அட்டை இன்னும் கொடுமை. தோட்டத்தில் வைத்தால் அரணை, ஓணான், குட்டிப் பாம்பு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறி ஏதாவது ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பசை இளகும். எலியைக் குறைக்கக் கூண்டுப்பொறி போதும். அதைவிட முக்கியம், உரக்குழியில் மிச்சச் சோறும் மீன்முள்ளும் கொட்டாமல் இருப்பது. விருந்து வைத்துவிட்டு விருந்தாளியைத் திட்டக்கூடாது.

எலி இருக்கும் இடத்துக்குச் சாரைப்பாம்பு வரும். அதற்கு விஷம் கிடையாது. பூண்டுச்சாறு, பினாயில் தெளித்துப் பாம்பைத் தடுக்கலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மண்தான் கெடும். என்ன பாம்பு என்று தெரியாவிட்டால் அடிக்கவும் பிடிக்கவும் போகாமல் தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். மயிலுக்குப் பயந்து மெல்லிய நைலான் மீன்வலையைத் தரையோடு தரையாகக் கட்டிவிட்டால் சாரை அதில் மாட்டி உடம்பு அறுபட்டுச் சாகும். வலை கட்டத்தான் வேண்டுமென்றால் தடித்த நூல் வலையை விறைப்பாக இழுத்து, தரையிலிருந்து அரையடி மேலே நிறுத்துங்கள். அணிலுக்காக மரம் முழுக்க வலை போர்த்தவும் வேண்டாம். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் காய்க்கு ஒரு துணிப்பை கட்டினால் பழ ஈயும் அண்டாது.

மழைக்காலத்து ஆப்பிரிக்க நத்தையிடம் மட்டும் எனக்கு இரக்கம் கிடையாது. அதிலும் ஒரு தவறு நடக்கிறது: பாத்தியிலேயே உப்பைத் தூவுகிறார்கள். நத்தையோடு செடியும் வாடும். இருட்டியதும் ஈரச் சாக்கை விரித்து அதன் அடியில் பப்பாளி இலை போட்டு வையுங்கள். விடிகாலையில் தூக்கிப் பார்த்தால் கூட்டமாக ஒட்டியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் வேண்டாம், மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். செம்போத்துப் பறவை வந்துபோகிற தோட்டமாக இருந்தால் உங்கள் வேலையில் ஒரு பங்கை அது செய்யும். அது ஒளிய வேலியோரம் கொஞ்சம் புதரை வெட்டாமல் விட்டால் போதும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைப் பற்றிக் கேட்பீர்கள். அது பட்டாம்பூச்சியின் புழு. செடி சின்னதாக இருந்தால் மெதுவாக எடுத்து எலுமிச்சை மரத்தில் விடுங்கள், அதையும் தின்னும். பெரிய செடியென்றால் நான் விட்டுவிடுவேன். ரசத்துக்குத் தேவையான இலை எப்படியும் மிஞ்சும்.